அக்கரையில் ஆண்ட ராணி

1950 ஜனவரி 26-க்குப் பிறகு தூத்துக்குடியிலிருந்து சரக்கேற்றிக் கொழும்புக்குப் பாய் விரித்த தோணிகள் குடியரசில் புறப்பட்டு முடியரசில் கரை சேர்ந்தன. விடுதலைக்குப் பிறகும் இரண்டரை ஆண்டு நமக்கும் ஆறாம் ஜார்ஜ்தான் மன்னர். நாம் அதை அந்த நாளோடு முடித்துக்கொண்டோம். 1948 பிப்ரவரி 4-ல் விடுதலை பெற்ற இலங்கையோ 1972 வரை பிரிட்டிஷ் முடியைத் தொடர்ந்தது. 1952 முதல் இரண்டாம் எலிசபெத் அதன் ராணி.

ராணி லண்டனில் இருக்க, ஆட்சி எப்படி நடந்தது? அவர் சார்பில் கொழும்பில் கவர்னர் ஜெனரல் இருந்தார். பிரதமர் நியமனம், நாடாளுமன்றக் கலைப்பு, மசோதாவுக்கு ஒப்புதல் எல்லாமே அவர் கையெழுத்தில்தான். ஆனால், பெரும்பான்மை உள்ள பிரதமரின் ஆலோசனையை அவர் மீறக்கூடாது என்பது மரபு. 1962 ஜனவரியில் ராணுவச் சதி முறியடிக்கப்பட்டு, விசாரணையில் கவர்னர் ஜெனரல் சர் ஆலிவர் குணதிலகவின் பெயரும் அடிபட்டது. பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க ராணிக்கு ஆலோசனை சொன்னார். மார்ச்சில் வில்லியம் கோபல்லவா அந்த நாற்காலியில் அமர்ந்தார். ராணியின் பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்ததும் பிரதமரே.

பெரும்பான்மை யாருக்கும் இல்லாதபோது மட்டும் கொஞ்சம் சுயமுடிவுக்கு இடமுண்டு. 1960 ஏப்ரலில் டட்லி சேனநாயக்கவின் சிறுபான்மை அரசு தோற்றதும், எதிர்க்கட்சியை அழைக்காமல் குணதிலக சபையைக் கலைத்தார்.

தமிழர்களுக்கு இந்த முடியால் என்ன பயன்? மலையகத் தமிழர் லட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கிய 1948 குடியுரிமைச் சட்டத்துக்கும், 1956-ன் தனிச்சிங்களச் சட்டத்துக்கும் ஒப்புதல் தடையின்றிக் கிடைத்தது. ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமான சட்டம் செல்லாது என்ற அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவும், லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்யும் வழியுமே மிச்சமிருந்த காப்பு. சிங்களத் தேர்வு எழுத மறுத்ததால் சம்பள உயர்வை இழந்த அரசு ஊழியர் கோடீஸ்வரன் அந்த வழியில்தான் போனார். சம்பளத்துக்காக அரசு ஊழியர் வழக்குத் தொடரலாம் என்று 1969-ல் பிரிவி கவுன்சில் சொன்னது. மொழிச்சட்டம் செல்லுமா என்ற கேள்வியை இலங்கை நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. அதற்கு விடை வரவேயில்லை.

1971-ல் பிரிவி கவுன்சில் மேல்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972 மே 22-ல் இலங்கை குடியரசானது. கோபல்லவாவே முதல் ஜனாதிபதி, அப்போதும் அலங்காரப் பதவிதான். 29-ஆம் பிரிவு புதிய அரசியலமைப்பில் இடம்பெறவில்லை.