கொள்ளுப் பேத்திகளிடம் பாடம் படித்த பாட்டி

2018-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 5-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை.

கேரளத்தில் ஆலப்புழை ஜில்லாவைச் சேர்ந்த ஊர் சேப்பாடு. விடுமுறை நாளாக இருந்தும் அன்று அங்கே பள்ளிக்கூடம் திறந்திருந்தது. குழந்தைகள் உட்காரும் பெஞ்சுகளில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் முன்னாலும் கேள்வித்தாள்!

அவர்களில் மூத்தவர் ஒரு பாட்டி. வயது 96. குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த தாத்தா ஒருவர் மெல்ல எட்டி, பாட்டியின் தாளைப் பார்த்தார். அந்தக் காட்சியை ஒருவர் படம் பிடித்துவிட்டார். சில நாட்களில் அந்தப் படத்தை நாடே பார்த்துச் சிரித்தது, வியந்தது.

அந்தப் பாட்டிதான் கார்த்தியாயினி அம்மாள்.

துடைப்பம் பிடித்த கை

கார்த்தியாயினி அம்மாள் பிறந்தபோது அந்தப் பகுதி திருவாங்கூர் சமஸ்தானமாக இருந்தது. ராஜா ஆட்சி. சிறு வயதிலேயே அவர் வேலைக்குப் போய்விட்டார். பள்ளிக்கூடப் படிப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. கோவில்களில் பெருக்கிச் சுத்தம் செய்வது அவருடைய வேலை.

கல்யாணம் ஆயிற்று. குழந்தைகள் பிறந்தன. கணவர் இறந்துபோனார். குடும்பப் பாரம் முழுவதும் அவர் தலையில் விழுந்தது. கோவிலில் பெருக்கினார், பிறர் வீடுகளில் வேலை செய்தார். அந்தக் கூலியில் பிள்ளைகளை வளர்த்தார்.

ராஜா ஆட்சி போயிற்று. நாடு சுதந்திரம் அடைந்தது. 1956-ல் கேரள ராஜ்யம் பிறந்தது. 1991-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி, கோழிக்கோட்டில் பெரிய விழா நடத்தி, "கேரளம் முழு எழுத்தறிவு பெற்றுவிட்டது" என்று அறிவித்தார்கள். அதை மேடையில் அறிவித்தவர் மந்திரி அல்ல. புதிதாக எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட சேலக்கோடன் ஆயிஷா என்ற முஸ்லிம் பெண்மணி. அப்படி ஒரு மரியாதையை எழுத்துக்குக் கொடுத்த ஊர் அது.

ஆனாலும் விட்டுப்போனவர்கள் இருந்தார்கள். கார்த்தியாயினி அம்மாளும் அவர்களில் ஒருவர்.

மகள் முதலில், தாய் பிறகு

பாட்டி குடியிருந்தது "லட்சம் வீடு" காலனி. வீடு இல்லாத ஏழைகளுக்கு லட்சம் வீடு கட்டிக்கொடுப்பது என்று 1972-ல் கேரளத்தில் தொடங்கிய திட்டத்தின் பெயர் அது. 2018 ஜனவரியில், எழுதப் படிக்கத் தெரியாதவர்களைக் கணக்கெடுக்க அந்தக் காலனிக்கு ஆட்கள் வந்தார்கள். "அட்சர லட்சம்" என்பது அந்தப் புதிய திட்டத்தின் பெயர். லட்சம் வீட்டுக்கு அட்சர லட்சம் வந்தது!

இந்த வயதில் எதற்கு என்று பாட்டி தட்டிக்கழிக்கவில்லை. ஆவலோடு பெயர் கொடுத்தார். காரணம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. சுமார் இரண்டு ஆண்டுகளுக்கு முன், 60 வயதை எட்டிய அவருடைய மகள், பத்தாம் வகுப்புக்குச் சமமான பரீட்சையில் தேறியிருந்தார். மகள் படித்தால் தாய் படிக்கக் கூடாதா?

சொல்லிக்கொடுக்க ஆசிரியை வந்தார். மற்ற நேரங்களில் கைகொடுத்தவர்கள் பள்ளிக்கூடம் போகும் கொள்ளுப் பேத்திகள்.

இது சின்ன விஷயம் அல்ல. குழந்தைக்கு எழுத்து பிழைத்தால் அழித்துவிட்டு மறுபடி எழுதும், வெட்கம் கிடையாது. பெரியவர்கள் அப்படியா? ஊரில் பலர் பேனாவைத் தொடாமலே காலத்தை ஓட்டிவிடுவது இந்தக் கூச்சத்தினால்தான். நான்கு தலைமுறை கண்ட ஒரு பெண்மணி, பேத்தி பெற்ற பிள்ளைகளிடம் "இது என்ன எழுத்து?" என்று கேட்டார். மலையாளத்தில் கூட்டெழுத்துகள் அதிகம். ஒன்றைப்போல் இன்னொன்று இருக்கும். பாட்டி அவற்றைப் பிடித்துக்கொண்டார்.

அதிகாலை நான்கு மணிக்கே எழுந்துவிடுவது அவர் வழக்கம். சைவ உணவு. கண் ஆபரேஷன் தவிர வேறெதற்கும் ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை என்பார்கள். இப்படிப்பட்ட உடம்பு படிப்புக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்!

ரொம்ப சுலபம்!

பரீட்சைக்கு மொத்தம் 100 மார்க்கு. வாசிப்புக்கு 30, எழுத்துக்கு 40, கணக்குக்கு 30.

எழுதிவிட்டு வந்த பாட்டிக்கு ஒரு மனக்குறை. கேள்விகள் ரொம்ப சுலபமாம்! இவ்வளவும் படித்தது வீணாகிவிட்டதே என்று குறைப்பட்டுக்கொண்டார். பக்கத்துத் தாத்தா விஷயத்தைக் கேட்டவர்களுக்கும் பதில் வைத்திருந்தார். தாம் யாரையும் பார்த்து எழுதவில்லை, மற்றவர்கள்தான் தம்மைப் பார்த்து எழுதினார்கள் என்றார்.

பரீட்சை முடிந்து பத்து நாட்களுக்குள் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. ஆலப்புழை ஜில்லா தண்ணீரில் மிதந்தது. பரீட்சையைப் பற்றி நினைக்க யாருக்கு நேரம்? அக்டோபர் கடைசியில்தான் முடிவு வந்தது. எழுதியவர்கள் 43,330 பேர். தேறியவர்கள் 42,933 பேர்.

கார்த்தியாயினி அம்மாள் பெற்றது 98 மார்க்கு. வாசிப்பில் 30-க்கு 30. கணக்கில் 30-க்கு 30. எழுத்தில் மட்டும் இரண்டு குறைந்து 38.

கேரளம் பிறந்த நாளான நவம்பர் 1-ந் தேதி, முதல்-மந்திரி பினராயி விஜயன் கையால் சர்டிபிகேட் வாங்கினார். அடுத்து என்ன என்று கேட்டார்கள். கம்ப்யூட்டர் கற்க வேண்டும் என்றார் பாட்டி. கல்வி மந்திரி ரவீந்திரநாத் வீடு தேடி வந்து, மடியில் வைத்து இயக்கும் கம்ப்யூட்டரைப் பரிசாகக் கொடுத்தார்.

2019-ல் காமன்வெல்த் நாடுகளின் கல்வி அமைப்பு அவரை நல்லெண்ணத் தூதர் ஆக்கியது. 2020-ம் ஆண்டு மார்ச் 8-ந் தேதி, பெண்கள் தினத்தன்று, டெல்லியில் ஜனாதிபதி ராம்நாத் கோவிந்த் அவருக்கு "நாரி சக்தி" விருது வழங்கினார். கோவில் வாசலைப் பெருக்கிய கை, ஜனாதிபதி மாளிகையில் விருது வாங்கியது.

இன்னொரு பாட்டி

அதே விருது அதே ஆண்டு இன்னொரு கேரளப் பாட்டிக்கும் கிடைத்தது. கொல்லத்தை அடுத்த பிராக்குளத்தைச் சேர்ந்த பாகீரதி அம்மாள். தாய் இறந்துவிட்டதால், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள, மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர். விட்ட படிப்பை 105 வயதில் தொட்டார்! நான்காம் வகுப்புப் பரீட்சை எழுதி 275-க்கு 205 மார்க்கு வாங்கினார். கணக்கில் 75-க்கு 75. அவர் 2021 ஜூலையில், 107-வது வயதில் காலமானார்.

தாயாக நின்று தம்பி தங்கைகளை வளர்த்த சிறுமிகள், வேலைக்குப் போன சிறுமிகள் நம் ஊர்களிலும் எத்தனை பேர்! அவர்கள் ஆசைப்பட்டார்களா என்று யாரும் கேட்டதில்லை.

நிறைவேறாத ஆசை

கார்த்தியாயினி அம்மாளைக் கேட்டவர்களுக்குத் தெளிவான பதில் கிடைத்தது. பத்தாம் வகுப்பு வரை படித்துத் தேற வேண்டும். பிறகு ஒரு வேலைக்குப் போக வேண்டும்! வாழ்நாள் எல்லாம் உழைத்தவர்தான். ஆனால் அவர் விரும்பியது படித்தவர்கள் பார்க்கும் வேலை.

அந்த ஆசை நிறைவேறவில்லை. பக்கவாதம் வந்து படுத்த படுக்கையானார். 2023-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி இரவு அவருடைய உயிர் பிரிந்தது. வயது 101. அனுதாபச் செய்தி வெளியிட்ட முதல்-மந்திரி, பத்தாம் வகுப்பு தேறி வேலைக்குப் போக வேண்டும் என்று பாட்டி சொன்னதையே நினைவுகூர்ந்தார்.

பாட்டி இறந்தால் வெற்றிலைப் பெட்டியும் சுருக்குப் பையும் மிஞ்சும் வீடுகள் உண்டு. பேரன் பேத்திகள் அவற்றை எடுத்து எடுத்துப் பார்ப்பார்கள். இந்தப் பாட்டி விட்டுப்போனது ஒரு சர்டிபிகேட், ஒரு கம்ப்யூட்டர், ஜனாதிபதி கொடுத்த விருது. நமக்குப் பாட்டி கதை சொன்னார் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பாட்டிக்கு நாங்கள் பாடம் சொன்னோம் என்று சொல்லும் பாக்கியம் அந்தக் கொள்ளுப் பேத்திகளுக்குக் கிடைத்தது.

பாட்டி மறைந்த செய்தி வந்தபோது அந்தப் பழைய பரீட்சைப் படமும் மறுபடி வெளிவந்தது. பாட்டி எழுதிக்கொண்டிருக்கிறார். தாத்தா எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.