பிராசசர் வேகத்தைக் கூட்டும் ஓவர்கிளாக்கிங்: வெப்பத்தை விட மின்னழுத்தம் ஆபத்தானது ஏன்?

புதுடெல்லி: டெஸ்க்டாப் கணினியின் பிராசசரை, அதன் தயாரிப்பு நிறுவனம் நிர்ணயித்த வேகத்தைக் காட்டிலும் கூடுதல் வேகத்தில் இயங்கச் செய்வது ஓவர்கிளாக்கிங் எனப்படுகிறது. கணினி விளையாட்டுப் பிரியர்கள், காணொலித் தொகுப்பாளர்கள் உள்ளிட்டோர் கையாளும் இம்முறையில் பெரும்பாலானோரின் கவனம் வெப்பநிலை மீதே இருக்கிறது. ஆனால், பிராசசரை மீட்க முடியாத அளவுக்குச் சேதப்படுத்துவதில் மின்னழுத்தத்தின் பங்கே அதிகம்.

பிராசசரின் வேகம் இரு எண்களின் பெருக்கல் ஆகும். அடிப்படை கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ், பெருக்கி 50 எனில் வேகம் 5 கிகாஹெர்ட்ஸ். பயாஸ் அமைப்பில் பெருக்கியை 51 ஆக மாற்றினால் 5.1 கிகாஹெர்ட்ஸ் கிடைக்கும். எனினும், கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் ஒவ்வொரு துடிப்புக்குள்ளும் தம் வேலையை முடித்தாக வேண்டும். வேகம் கூடும்போது அந்த அவகாசம் குறைகிறது. டிரான்சிஸ்டர்களை விரைவுபடுத்தப் போதிய மின்னழுத்தம் இல்லையெனில் கணக்கீட்டில் பிழை நேர்ந்து, திரை உறைந்து போகும். அல்லது கணினி தானாகவே மறுதொடக்கம் ஆகும்.

இங்கு குறிப்பிடப்படும் மின்னழுத்தம் வீட்டு இணைப்பில் வரும் 230 வோல்ட் அல்ல. ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தால் போதும் என்று கருதுவோரும் உண்டு. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. எஸ்எம்பிஎஸ் வழங்கும் 12 வோல்ட்டை, மதர்போர்டில் உள்ள சீராக்கிச் சுற்று ஏறத்தாழ 1 முதல் 1.4 வோல்ட்டாகக் குறைத்து பிராசசருக்கு அளிக்கிறது. இன்டெல் கோர் ஐ9-13900கே பிராசசரின் அதிகபட்ச டர்போ மின்திறன் 253 வாட். இதனை 1.25 வோல்ட்டில் வழங்க 200 ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம் தேவைப்படும். இந்நிலையில் 0.05 வோல்ட் வேறுபாடு கூட சிறியதல்ல.

இருமடியாகப் பெருகும் சுமை:

பிராசசர் செலவிடும் மின்திறன் வேகத்துக்கு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர் விகிதத்திலும் உயர்கிறது. வேகத்தை மட்டும் 10 விழுக்காடு கூட்டினால் மின்திறன் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடும். மின்னழுத்தத்தையும் 10 விழுக்காடு சேர்த்து உயர்த்தினால், அது 33 விழுக்காடாகிறது. அவ்வளவும் வெப்பமாகவே வெளியேறியாக வேண்டும்.

இந்தியக் கோடையில் இது மேலும் சிக்கலாகிறது. காற்றில் இயங்கும் கூலர் ஆயினும் திரவக் கூலர் ஆயினும், அறை வெப்பநிலைக்குக் கீழ் பிராசசரைக் குளிர்விக்க இயலாது. 25 டிகிரி செல்சியஸ் அறையில் 80 டிகிரியில் இயங்கும் பிராசசர், அதே சுமையில் 40 டிகிரி அறையில் ஏறத்தாழ 95 டிகிரியைத் தொடும். மேற்கூறிய இன்டெல் பிராசசரின் வரம்பு 100 டிகிரி. அதை எட்டியதும் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டிசம்பரில் சோதித்து உறுதிசெய்த அமைப்பு, மே மாதத்தில் நாக்பூரிலோ டெல்லியிலோ அதே பலனைத் தரும் என எதிர்பார்க்க முடியாது.

வெப்பத்துக்கு இத்தகைய தானியங்கிப் பாதுகாப்பு உள்ளது. பயனர் தாமே நிர்ணயிக்கும் மின்னழுத்தத்துக்கு அந்த அளவுக்குப் பாதுகாப்பு இல்லை. மிகை மின்னழுத்தம் டிரான்சிஸ்டர்களையும் அவற்றை இணைக்கும் நுண்ணிய கம்பிகளையும் சிறிது சிறிதாகத் தேயச் செய்கிறது. தேய்ந்த பிராசசர் பழைய வேகத்தில் இயங்கவே கூடுதல் மின்னழுத்தம் கேட்கும்; அதைக் கொடுத்தால் தேய்மானம் மேலும் விரைவுபடும்.

இன்டெல் நிகழ்வு உணர்த்துவது:

இதற்கு அண்மைய சான்று இன்டெல்லின் 13 மற்றும் 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள். ஓவர்கிளாக்கிங் செய்யாத பயனர்களின் கணினிகளும் விளையாட்டுகளின் நடுவே செயலிழந்ததாகப் புகார்கள் குவிந்தன. மைக்ரோகோட் குறைபாட்டால் பிராசசரே தவறாக மிகை மின்னழுத்தத்தைக் கோரியதாக 2024 ஜூலையில் அந்நிறுவனம் தெரிவித்தது. ஆகஸ்டில் வெளியான மைக்ரோகோட் புதுப்பிப்பு, 1.55 வோல்ட்டுக்கு மேற்பட்ட கோரிக்கைகளைத் தடுத்தது. ஆயினும் ஏற்கெனவே சேதமடைந்தவற்றை அது சரிசெய்யாது. இதனால் உத்தரவாதக் காலம் 2 ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது.

முன்னதாக 2023-இல் ஏஎம்டி ரைசன் 7000 எக்ஸ்3டி வரிசை பிராசசர்கள் சில கருகியதாகச் செய்திகள் வெளியானதும், அவற்றின் எஸ்ஓசி மின்னழுத்தம் பயாஸ் புதுப்பிப்பு மூலம் 1.3 வோல்ட்டுக்குள் கட்டுப்படுத்தப்பட்டது. நினைவகத்தின் வேகத்தைக் கூட்டும் அமைப்பை இயக்கினாலே இந்த மின்னழுத்தம் தானாக உயரக்கூடும் என்பது பலர் அறியாதது.

எனவே, முயற்சி செய்ய விரும்புவோர் முதலில் பயாஸைப் புதுப்பித்துக்கொள்வது அவசியம். மின்னழுத்தத்தை 'ஆட்டோ' நிலையில் விட்டுவிட்டு பெருக்கியை உயர்த்துவது தவறு. பல மதர்போர்டுகள் தேவைக்கு மிஞ்சி வழங்கிவிடும். வேகத்தை ஒவ்வொரு முறையும் 100 மெகாஹெர்ட்ஸ் மட்டும் உயர்த்தி, சினிபெஞ்ச், ஓசிசிடி போன்ற மென்பொருள்களால் முழுச் சுமை கொடுத்துச் சோதிக்க வேண்டும். அப்போது ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் வெப்பநிலையுடன் மின்னழுத்தத்தையும் சேர்த்தே கண்காணிக்க வேண்டும். பிழை தோன்றினால் மின்னழுத்தத்தைக் கூட்டுவதை விட வேகத்தை ஒரு படி குறைப்பதே நல்லது. கணினி தொடங்கவே மறுத்தால், மின் இணைப்பைத் துண்டித்து மதர்போர்டின் பயாஸ் அமைப்புகளைப் பழைய நிலைக்கு மீட்டமைக்கலாம்.

கிடைக்கும் பலனையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1998-இல் வெளியான இன்டெல் செலரான் 300ஏ பிராசசரை 300 மெகாஹெர்ட்ஸிலிருந்து 450 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தியவர்கள் 50 விழுக்காடு வேகத்தைக் கூடுதலாகப் பெற்றனர். இன்றைய பிராசசர்களோ டர்போ முறையில் தம் எல்லைக்கு அருகிலேயே இயங்குகின்றன. பெரும்பாலும் சில விழுக்காடே மிஞ்சும். அதற்காக உத்தரவாதத்தை இழக்க நேரிடலாம். ஓவர்கிளாக்கிங்கால் ஏற்படும் சேதத்துக்கு உத்தரவாதம் இல்லை என ஏஎம்டி வெளிப்படையாகவே கூறுகிறது.

அதனால் வேகத்தை மாற்றாமல் மின்னழுத்தத்தை மட்டும் சிறிது குறைக்கும் அண்டர்வோல்டிங் முறையைப் பலர் நாடுகின்றனர். ரைசன் பிராசசர்களில் 'கர்வ் ஆப்டிமைசர்' அமைப்பு இதற்கு உதவுகிறது. வெப்பம் குறைவதால் டர்போ வேகம் கூடுதல் நேரம் நீடிக்கும். அளவுக்கு மீறிக் குறைத்தால் கணினி நிலைகுலையும், சேமிக்காத கோப்புகள் போகும். ஆனால் பிராசசருக்குச் சேதம் நேராது.