பழைய அம்பாசடரை அழகுபடுத்தப் போறீங்களா? முதல்ல தீம், அப்புறம்தான் காசு!



பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் உங்க வீட்டு வாசல்ல தாத்தா காலத்து அம்பாசடர் நிக்குதா? "கொஞ்சம் மாடிஃபை பண்ணலாமே"ன்னு தோணுதா? நல்ல ஆசைதான். ஆனா பழைய கார்ல பணம் கரையுறது ஒரே பெரிய பில்லால மட்டும் இல்ல. இந்த மாசம் அலாய் வீல், அடுத்த மாசம் சீட், தீபாவளிக்கு எல்இடி லைட்னு துண்டு துண்டா வாங்குவோம். கடைசியில ஒண்ணுக்கொண்ணு ஒட்டாது. கழற்றிப் போட்டுட்டு மறுபடியும் வாங்கணும். ஒரே இடத்துக்கு ரெண்டு செலவு!

இதைத் தவிர்க்க அஞ்சு படி.

1. ஒரிஜினலா, கஸ்டமா?

2021-ல் வந்த மத்திய விதித் திருத்தப்படி, முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டி, பெரிய மாற்றம் இல்லாம ஒரிஜினலா இருக்கிற கார்களை ‘விண்டேஜ்’னு பதிவு பண்ணலாம். கட்டணம் ₹20,000, 10 வருஷம் செல்லும். புதுப்பிக்க ₹5,000. ஆனா கண்காட்சி, ரேலி மாதிரி விஷயங்களுக்குத்தான் எடுக்கலாம். தினசரி ஓட்ட முடியாது.

1976-ல் பதிவான வண்டிக்கு 2026-ல் 50 வயசு. அதை வெட்டி ஒட்டி மாத்திட்டா இந்த வாய்ப்பு போச்சு. அதனால முடிஞ்சவரை திருப்பிக் கழற்றக்கூடிய மாற்றங்களா பண்ணுங்க. கழற்றின ஒரிஜினல் பாகங்களைப் பழைய இரும்புக்குப் போடாதீங்க. நாளைக்கு அதுதான் மதிப்பு.

2. ஒரு காலத்தைப் பிடிங்க

அம்பாசடர்னா ஒரே முகம் இல்ல. 1962-ல் மார்க் 2, 1975-ல் மார்க் 3, 1979-ல் மார்க் 4 வந்துச்சு. 2014-ல் உற்பத்தியே நின்னுடுச்சு. மார்க் 2 கிரில்லை வெச்சுட்டு, உள்ள ரேஸ் கார் சீட் போட்டா ரெண்டுமே எடுபடாது.

முன்னாடி நீளமான ஒரே சீட், ஸ்டியரிங் பக்கத்துல கியர், உருண்டை விளக்கு, வீல் கப் - இதெல்லாம் ஒரே குடும்பம். ஒண்ணை மாத்தினா மத்ததும் மாறணும், செலவும் கூடும். வெளியில ரெண்டு கலர், உள்ள ஒரு கலர், அதுக்கு மேல வேண்டாம். ஏசி வேணும்னா டேஷ்போர்டுக்கு அடியில கண்ணுல படாம வைங்க.

3. உப்புக் காத்தைக் கணக்குல எடுங்க

2025 ஏப்ரல்ல திறந்த புது பாம்பன் ரயில் பாலத்துக்கே துருவைத் தடுக்க பாலிசிலாக்சேன்னு ஒரு ஸ்பெஷல் பூச்சு அடிச்சிருக்காங்க. அப்போ நம்ம கார் தகரம் எம்மாத்திரம்?

அம்பாசடருக்கு லாரி மாதிரி தனி சேஸிஸ் கிடையாது. பாடியேதான் பாரம் தாங்குது. தரையும் கதவுக்குக் கீழ்ப்பகுதியும் துருப்பிடிச்சா வண்டியோட பலமே போயிடும். துருவை வெட்டி எடுக்காம மேல பட்டி பார்த்து பெயிண்ட் அடிச்சா, அது உள்ளேயே அரிச்சு மறுபடியும் வெளியே வரும்.

உங்க தீமும் ஊருக்கு ஏத்த மாதிரி இருக்கட்டும். குரோம் அதிகமானா பராமரிப்பும் அதிகம். ஈரத்தைப் பிடிச்சு வைக்கிற கார்பெட்டுக்குப் பதிலா எடுத்துக் கழுவுற ரப்பர் மேட் போடுங்க.

4. பட்ஜெட்டைப் பிரிங்க

உதாரணத்துக்கு, கையில ₹3 லட்சம் இருக்குன்னு வைங்க:

- டிங்கரிங், துரு வேலை, பெயிண்ட்: ₹1,50,000
- பிரேக், டயர், வயரிங்: ₹60,000
- சீட், உள் வேலை: ₹60,000
- எதிர்பாராத செலவு: ₹30,000

தொகை மாறலாம், வரிசை மாறக்கூடாது. கடைசி ₹30,000-ஐ ஸ்பீக்கருக்குக் கொடுத்துடாதீங்க! பெயிண்டைக் கிளறினப்புறம்தான் உண்மையான துரு தெரியும்.

5. பேப்பரைச் சரிபாருங்க

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை இஷ்டத்துக்கு மாத்த முடியாது. இன்ஜின் மாத்துறதுக்கு முன்னாடியே ஆர்டிஓ அனுமதி வாங்குங்க. கலர் மாத்தினா ஆர்.சி.யில ஏத்தணும். சாதாரண பதிவுன்னா 15 வருஷத்துக்கு அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு முறை ஆர்.சி. புதுப்பிக்கணும்.

இன்ஷூரன்ஸ்லயும் கவனம். 5 வருஷம் தாண்டின வண்டியோட மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு பண்ணணும். வேலை பில், போட்டோ எல்லாம் பத்திரமா இருந்தா பேச வசதி. செஞ்ச மாற்றங்களைச் சொல்லாம விட்டா கிளைம் சிக்கலாகும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: ஒரே ஒரு தாள் எடுங்க. எந்த வருஷத் தோற்றம், ரெண்டு கலர், மொத்த பட்ஜெட், தொடவே கூடாத பாகங்கள், இந்த நாலையும் எழுதுங்க. அதைக் காட்டி ரெண்டு பட்டறையில கொட்டேஷன் வாங்குங்க. அந்தத் தாள்ல இல்லாத பொருள் எவ்வளவு தள்ளுபடியில கிடைச்சாலும், அது உங்க காருக்குச் செலவுதான்!