உண்டபின் வரும் சர்க்கரைத் தாழ்வு
எடைக் குறைப்புக்காக இரைப்பை மாற்றுவழி அறுவை சிகிச்சை செய்துகொண்டோர் சிலருக்கு, பெரும்பாலும் ஓராண்டு கழிந்தபின், உண்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் வியர்வையும் நடுக்கமும் மனக்குழப்பமும் தோன்றுகின்றன. பசிச் சோர்வு என்றே நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் உண்டதே காரணம். உணவு விரைந்து சிறுகுடலை அடைவதால் இரத்தச் சர்க்கரை சட்டென உயர, இன்சுலின் மிகுதியாகச் சுரந்து அதனை அளவுக்கும் கீழே தள்ளிவிடுகிறது.

டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால், 15 கிராம் குளுக்கோஸ், அதாவது ஏறத்தாழ மூன்று தேக்கரண்டி, உட்கொண்டு 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். அத்துடன் நிறுத்தினால் அந்த இனிப்பே அடுத்த தாழ்வுக்கு வித்தாகலாம். ஆகவே, சர்க்கரை ஏறியபின் சிறிது பனீரோ முட்டையோ உண்பது நன்று. பழச்சாறு வேண்டாம், உணவைச் சிறு சிறு வேளைகளாகப் பிரித்துக்கொள்வோம். நினைவிழந்தவருக்கு எதையும் புகட்டாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இத்தொல்லை உடையோர் மருத்துவரைக் கலந்து பேசும்வரை வாகனம் ஓட்டலாகாது.