படம் மட்டும் களிமண்ணில் தங்குவது எப்படி?

உள்ளங்கையில் அடங்கும் ஒரு ப்ரூச். அதன் முகப்பில் ஒரு பாட்டியின் கறுப்பு வெள்ளைப் புகைப்படம். நகத்தால் நெருடிப் பார்த்தாலும் காகித விளிம்பு தட்டுப்படாது. பசையும் கிடையாது. படம் அந்த வில்லையின் மேனியிலேயே பதிந்திருக்கிறது. பிரிண்டர் காகிதத்தில் அச்சிட்ட படம் இங்கே எப்படிக் குடியேறியது?

அந்த வில்லை பாலிமர் களிமண்ணால் ஆனது. அது பெயரில்தான் களிமண். தண்ணீர்க் குழாய்கள் செய்யும் பிவிசிதான் அதன் அடிப்படை. பிவிசி இயல்பில் விறைப்பானது. அதை இளக வைக்கும் வழியை அமெரிக்க வேதியியலர் வால்டோ செமன் 1926இல் கண்டறிந்தார். தகுந்த எண்ணெய்ப் பொருளுடன் சேரும்போது அது ரப்பர்போல வளைந்தது. இந்த எண்ணெய்க்கு நெகிழ்வூட்டி என்று பெயர். நுண்ணிய பிவிசித் துகள்களையும் நெகிழ்வூட்டியையும் நிறமிகளையும் பிசைந்தால் பாலிமர் களிமண். ஜெர்மனியின் புகழ்பெற்ற பொம்மைக் கலைஞர் கேத்தே குரூசேயின் மகள் சோஃபி உருவாக்கிய அப்படியொரு களிமண்ணை எபர்ஹார்ட் ஃபேபர் நிறுவனம் 1964இல் வாங்கியது. அதுவே ஃபிமோ ஆனது.

இனி படத்துக்கு வருவோம். லேசர் பிரிண்டரில் திரவ மை இல்லை. டோனர் என்னும் பொடிதான் உண்டு. அந்தப் பொடியின் பெரும்பகுதியும் பிளாஸ்டிக்தான். நிறத்துக்காகக் கரித்தூள் கலந்திருக்கும். பிரிண்டரின் சூடான உருளை அதை உருக்கிக் காகிதத்தில் ஒட்டவைக்கிறது.

அச்சிட்ட பக்கத்தைச் சுடாத களிமண்மேல் கவிழ்த்து, காற்றுக்குமிழி இல்லாமல் தேய்த்துச் சிறிது நேரம் விடுகிறார்கள். அந்த நேரத்தில் களிமண்ணின் நெகிழ்வூட்டி மெல்ல ஊறி டோனரைத் தொடுகிறது. பிவிசியை இளக்கும் எண்ணெய் டோனர் பிளாஸ்டிக்கையும் இளக்கும். இளகிய டோனர் களிமண்ணைப் பற்றிக்கொள்கிறது. அடுத்து காகிதத்தை நனைத்து விரலால் தேய்க்கிறார்கள். செல்லுலோஸ் இழைகளைப் பிணைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் நீரில் தளர்கின்றன. காகிதம் திரித்திரியாக உதிர்கிறது. டோனரையும் களிமண்ணையும் நீர் ஒன்றும் செய்யாது. எண்ணெய் ஒட்டவைக்கிறது, நீர் பிரித்தெடுக்கிறது: நுட்பம் முழுவதும் இவ்வளவுதான். படம் இடவலம் மாறிப் பதியும் என்பதால் முன்பே திருப்பி அச்சிட வேண்டும். நீரில் கரையும் இங்க்ஜெட் மையில் அச்சிட்ட படமோ இந்தக் குளியலில் கலைந்துபோகும்.

மிஞ்சியது சூளைவேலை. ஓவனில் 110 முதல் 130 டிகிரி செல்சியஸ் போதும். கொதிநீரில் ஜவ்வரிசி ஊதி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுபோல, பிவிசித் துகள்கள் நெகிழ்வூட்டியை உறிஞ்சி உப்பி, எல்லை அழிந்து ஒரே உடலாகின்றன. மண்பாண்டத்தில் நடப்பதுபோல நீர் ஆவியாவதில்லை. ஆகவே வில்லை பெரிதாகச் சுருங்காது, முகமும் கோணாது. சூடு குறைந்தால் துகள்கள் சரியாக இணையாமல் வில்லை நொறுங்கும். வெகுவாக மீறினால் பிவிசி சிதைந்து, நெடியடிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைக் கக்கும். அதனால்தான் அனுபவசாலிகள் ஓவனுக்குள் தனி வெப்பமானி வைக்கிறார்கள்.

ஆறியபின் பின்புறம் ஊசி பொருத்தினால் ப்ரூச் தயார். நெகிழ்வூட்டி எங்கும் போய்விடவில்லை, உள்ளேயேதான் இருக்கிறது. மெல்லிய வில்லை உடையாமல் சற்றே வளைவது அதனால்தான். பளபளப்புக்காக நகப்பூச்சைத் தடவக் கூடாது. அதன் கரைப்பான் பிவிசியையும் டோனரையும் மறுபடி இளக்கிப் பிசுபிசுக்க வைத்துவிடும். நீரை அடிப்படையாகக் கொண்ட வார்னிஷ்தான் ஏற்றது. படத்தை ஒட்டவைத்த அதே இளகும் குணமே படத்தைக் கெடுக்கவும் வல்லது. இதை அறிந்தவர் கையில் அந்த முகம் பல்லாண்டு நிலைக்கும்.