ஃப்ரிட்ஜை நகர்த்த பலம் மட்டும் போதாது: உராய்வைப் புரிந்துகொண்டால் வேலை பாதி!

வீடு மாற்றும்போதும், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதும் தப்பாமல் வரும் வேலை, ஃப்ரிட்ஜையும் பீரோவையும் நகர்த்துவது. "கொஞ்சம் ஒரு கை பிடிங்க" என்று ஆரம்பித்து, இடுப்புப் பிடிப்பிலோ நசுங்கிய கால்விரலிலோ முடிவதும் உண்டு. பள்ளியில் படித்த உராய்வுப் பாடம் இங்கேதான் கைகொடுக்கும்.

தள்ளியும் ஏன் அசையவில்லை?

60 கிலோ ஃப்ரிட்ஜைத் தூக்க, 60 கிலோ எடைக்கு நிகரான விசை வேண்டும். தரையோடு தள்ளினால் உராய்வை மட்டும் வென்றால் போதும். உராய்வுக் கெழு 0.5 என்றால், தேவை 30 கிலோவுக்கு நிகரான விசைதான். அதற்குக் குறைவாகத் தள்ளும்வரை, அதே அளவு விசையை உராய்வு எதிர்ப்பக்கம் தருகிறது. இரண்டும் சமமாக இருப்பதால்தான் 'அசையவே மாட்டேங்குது'.

நகரத் தொடங்கியதும் உராய்வு குறையும். பொருள் சட்டென்று முன்னே போகும். உடம்பை முழுக்கச் சாய்த்துத் தள்ளுபவர் தடுமாறுவது அந்த நொடியில்தான். எனவே விசையை மெல்ல மெல்லக் கூட்டுங்கள்.

உங்கள் காலைக் கவனியுங்கள்

நீங்கள் ஃப்ரிட்ஜைத் தள்ளும் அளவுக்கு அதுவும் உங்களைப் பின்னால் தள்ளுகிறது. உங்களை நிறுத்திவைப்பது பாதத்துக்கும் தரைக்கும் உள்ள உராய்வுதான். ஆகவே பொருளுக்கு அடியில் உராய்வைக் குறைக்க வேண்டும். காலுக்கு அடியில் கூட்ட வேண்டும். ஒருவர் பொருளை லேசாகச் சாய்த்துப் பிடிக்க, மற்றவர் பழைய போர்வையையோ கோணிச் சாக்கையோ அடியில் செருகலாம். கையை உள்ளே விடாதீர்கள், குச்சியால் தள்ளுங்கள். சோப்புத் தண்ணீர் ஊற்றும் யோசனை வேண்டாம். பொருளோடு சேர்ந்து நீங்களும் வழுக்குவீர்கள். டைல்ஸ் தரையில் சாக்ஸும் ஆபத்து. ரப்பர் அடி உள்ள ஷூ நல்லது.

எந்த உயரத்தில் தள்ளுவது?

மேலே தள்ளினால் பொருள் நகராமல் சாயும். தள்ளும் திசையில் அடிப்பாகம் 60 செ.மீ., எடை நடுவில், கெழு 0.5 என்று வைத்துக்கொண்டால், 60 செ.மீ. உயரத்துக்கு மேல் தள்ளும்போது சாயத் தொடங்கும். கெழு 0.25 ஆகக் குறைந்தால் இந்த எல்லை 120 செ.மீ. ஆகிறது. சாக்கு போடுவதில் இந்த லாபமும் உண்டு. என்றாலும் இடுப்புக்குக் கீழே, முழங்காலை மடக்கித் தள்ளுவதே பாதுகாப்பு. டைல்ஸ் இடுக்கில் அடிப்பாகம் மாட்டினால் உடனே நிறுத்துங்கள். அங்கேதான் குப்புற விழும்.

மறக்கக் கூடாதவை

* பிளக்கைக் கழற்றி, உள்ளே இருப்பதைக் காலி செய்து, கதவை டேப்பால் ஒட்டுங்கள். பீரோவையும் காலி செய்து பூட்டுங்கள்.
* பல ஃப்ரிட்ஜ்களில் பின்பக்கச் சக்கரங்கள் முன்னும் பின்னும்தான் உருளும். பக்கவாட்டில் இழுக்காதீர்கள்.
* ஃப்ரிட்ஜைப் படுக்க வைத்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்களுக்குள் போகலாம். நிமிர்த்திச் சில மணி நேரம் கழித்தே சுவிட்ச் போடுங்கள்.
* முன்பக்கக் கதவுள்ள வாஷிங் மெஷினை வீடு மாற்றி எடுத்துச்செல்லும்போது, டிரம்மைப் பிடித்துவைக்கும் போல்ட்டுகளைத் திரும்ப மாட்டுங்கள்.
* மாடிப்படியில் கீழே நிற்பவர் மீதே அதிக எடை இறங்கும். அங்கே பலசாலி நிற்கட்டும். குழந்தைகள் அருகில் வேண்டாம்.

எல்லாம் செய்தும் பொருள் கைமீறிச் சாய்ந்தால், தாங்கிப் பிடிக்கப் பார்க்காதீர்கள். விலகிவிடுங்கள். ஃப்ரிட்ஜை மறுபடி வாங்கிக்கொள்ளலாம்.