பிக்ஷுக்களுக்குப் பரிமாறும் வீட்டிலே

நங்கநல்லூர்க்காரர்களுக்குக் கோயிலைப் பற்றி யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. 32 அடி ஆஞ்சநேயரைச் சேவித்த பிறகுதான் அங்கே பலருக்குக் காலைக் காப்பியே! ஆனால், பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கினால், கென்னட் சந்திலே ஒரு புத்தர் கோயில் இருக்கிறதே, அதற்குள் போயிருக்கிறீர்களா? மகாபோதி சங்கத்தின் மடம் அது. அநகாரிக தர்மபாலர் 1891-ல் தொடங்கிய சங்கம். புத்த கயைக்குப் போகிற இலங்கை யாத்ரிகர்கள் வழியில் அங்கே தங்குவது வழக்கம். 2011 ஜனவரியில் அந்த மடம் தாக்கப்பட்டுப் பிக்ஷுக்கள் சிலர் காயமடைந்தார்கள். அரசியல் மனஸ்தாபம் வாசற்படி தாண்டி வரக் கூடாத இடம் அது என்பது என் அபிப்பிராயம்.

அந்நிய சமாசாரம் என்று நினைக்கிறீர்களா? மணிமேகலையின் அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள் ஆதிரை. நம்மைப் போல் குடும்பம் நடத்தியவள்தான்.

சரி, சிங்களச் சிநேகிதி ஒருத்தி, "அம்மாவின் வருஷ தானத்துக்கு வாருங்கள்" என்று அழைக்கிறாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். வெள்ளைப் புடவை உடுத்திப் போங்கள். அங்கே அது அமங்கலம் அல்ல. பிக்ஷுக்கள் வந்ததும் வீட்டார் அவர்கள் காலைக் கழுவித் துடைப்பார்கள். வெள்ளைத் துணி விரித்த ஆசனங்களில் அவர்கள் அமர்வார்கள். முதல் தட்டு புத்தருக்கு. பஞ்சசீலம் சொன்ன பிறகு பரிமாறல். நடுப்பகலுக்குள் சாப்பாடு முடிந்தாக வேண்டும். அதற்கு மேல் அவர்கள் மறுநாள் காலை வரை உண்பதில்லை. ஆகையால் 'இதோ, ரசம் கொதிக்கிறது' என்பதெல்லாம் அங்கே செல்லாது! விருந்தாளிகளுக்கு இலை அப்புறந்தான்.

பிக்ஷு 'நன்றி' சொல்லவில்லையே என்று மனம் சுணங்க வேண்டாம். புண்ணியம் சம்பாதிக்க இடம் கொடுத்தவர் அவர். நன்றி சொல்ல வேண்டியது இட்டவர்கள் என்பது அவர்கள் எண்ணம்.

சாப்பாட்டில் மீனும் இருக்கலாம். கூசாதீர்கள். சைவமாக நீங்கள் ஒரு பாத்திரம் கொண்டுபோனால் சந்தோஷமாக ஏற்பார்கள். தேங்காய்ப் பாலில் வேகவைத்த 'கிரிபத்' சோற்றை மட்டும் தவற விடாதீர்கள்.

கடைசியில் ஒரு காரியம் நடக்கும். தட்டில் ஒரு கிண்ணம். குடும்பத்தார் எல்லோருமாகக் கூஜாவைத் தொட்டுக் கொண்டு, பிக்ஷுக்கள் ஓதஓத, கிண்ணம் நிரம்பி வழியும் வரை தண்ணீர் வார்ப்பார்கள். தானத்தின் புண்ணியம் இறந்தவர்களைச் சேர்வதாக ஐதீகம். ஏழாம் நாள், மூன்றாம் மாதம், வருஷ முடிவு என்று செய்வார்கள். நம் வீட்டில் எள்ளும் தண்ணீரும் இறைத்த நாட்கள் நினைவு வந்தால் கண்ணைத் துடைத்துக் கொள்ளுங்கள். அங்கே இருக்கிற மற்றவர்களும் அதைத்தான் செய்து கொண்டிருப்பார்கள்.

கோயிலுக்குப் போனால் செருப்போடு தொப்பியையும் கழற்ற வேண்டும். பூவை முகர்ந்து பார்க்கக் கூடாது. இது நமக்குத் தெரிந்ததுதான். அர்ச்சனைச் சீட்டும் பிரசாதத் தொன்னையும் தேடாதீர்கள். வைத்த பூ வாடுவதைப் பார்த்து உடம்பின் கதியை நினைப்பதுதான் அங்கே பூஜை. புத்தருக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக் கொள்வது பெரிய அபசாரம். 2014-ல் கையில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த ஒரு பிரிட்டிஷ் மாதைத் திருப்பியனுப்பியே விட்டார்கள். 2017-ல் இலங்கை சுப்ரீம் கோர்ட் அவருக்கு நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது வேறு விஷயம்.

தாய்லாந்தில் இன்னும் கட்டுப்பாடு. பெண் கையிலிருந்து பிக்ஷு நேரே வாங்க மாட்டார். ஒரு துணியை விரிப்பார், அதில் வைக்க வேண்டும்.

இவ்வளவு விதியும் வேண்டாம் என்பவர்கள் வைகாசிப் பௌர்ணமிக்கு இலங்கை போங்கள். 'வெசாக்' என்பார்கள். தெருவுக்குத் தெரு 'தன்சல்' பந்தல் போட்டு, போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, சோறோ குளிர்ந்த பானமோ கொடுப்பார்கள். ஜாதி, மதம், ஊர் எதுவும் கேட்பதில்லை. கைப்பையைத் திறக்காதீர்கள்; காசு வாங்க மாட்டார்கள்.